நூற்று எண்பத்தாறு கிணறுகள்

“இந்த அபர்ணா உங்களுக்கு யார்?” என்று குடிவரவு அதிகாரி கேட்டபோதுதான், அடுத்த நான்கு நாளும் தான் யாரோடு ஒரே அறையில் தங்கப்போகிறாள் என்பது கம்சாயினிக்குத் தெரிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்பு, கொழும்பிலிருந்து சிங்கப்பூர், அங்கே ஐந்து மணித்தியாலம் ஒரு தூணோரம் குந்தியிருந்துவிட்டு ஆக்லாந்து என்று வந்து இறங்கியவளுக்குக் கண் எரிந்தது. பயிலரங்கை நடத்தும் பல்கலைக்கழகம் வெள்ளிக்கிழமை அனுப்பியிருந்த தங்குமிடக் கடிதத்தை, பஸ் ஏறுகிற அவசரத்தில் கொமினிகேஷன் கடையில் அச்செடுத்து மடித்துப் பைக்குள் வைத்ததோடு சரி, வாசிக்கவில்லை. இப்போது அதிகாரி அதை மேசையில் விரித்து ஒரு வரிக்குக் கீழே விரலை வைத்திருந்தான். இருவர் தங்கும் அறை. அதற்கு நேரே இரண்டு பெயர்.

பயிலரங்குக்கு வருகிறவர்களின் பட்டியலில் அபர்ணாவின் பெயரை அவள் முன்பே பார்த்திருந்தாள். பார்த்த பிறகுதான் வருவதென்றே முடிவெடுத்தாள். ஆனால் ஒரே மண்டபம் வேறு, ஒரே அறை வேறு.

“என்னோடு வேலை செய்தவர்,” என்றாள் ஆங்கிலத்தில்.

“என்ன வேலை?”

“நிலத்தடி நீர். ஆறு வருடத்துக்கு முன்னால்.”

அதிகாரி இளம் பெடியன். முரட்டுத்தனமாக எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் போகிற டிக்கெட்டைப் பார்த்தான், அழைப்புக் கடிதத்தைப் பார்த்தான், கடிதத்தில் இருந்த பல்கலைக்கழக எண்ணை அழுத்தினான். ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் எடுக்கவில்லை. பிறகு மோட்டலுக்கு அடித்தான். “உங்கள் அறைத் தோழி நேற்றே வந்துவிட்டாராம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன், அங்கே இருங்கள்,” என்று சுவரோரக் கதிரை ஒன்றைக் காட்டிவிட்டுக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போனான்.

கம்சாயினி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அபர்ணா சொல்லவேண்டியது ஒரேயொரு சொல். தெரியாது. அதைச் சொல்ல அவளுக்குக் காரணமும் இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன் வலிகாமத்தில் நூற்று எண்பத்தாறு கிணறுகளில் சோதனைக்குத் தண்ணீர் எடுத்தவள் கம்சாயினி. ஸ்கூட்டியின் முன்னால் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டி, பின்னால் போத்தல்கள், தலைக்கு மேலே மே மாத வெயில். ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று யார், எவர், எந்தக் கம்பஸ் என்று விளக்கி, “எங்கட தண்ணி பழுதெண்டு பேப்பரில போட்டுடுவியளோ?” என்ற கேள்விக்கு, “இல்லையம்மா, வீடு வாசல் ஒண்டும் வெளியில வராது, முடிவு வந்தவுடன உங்களிட்டத்தான் முதல் வந்து சொல்லுவன்,” என்று வாக்குக் கொடுத்து எடுத்த தண்ணீர். கம்பஸில் அந்தச் சோதனைக்கான இயந்திரம் பழுதாகிக் கிடந்ததால் மாதிரிகள் சென்னைக்குப் போயின. அங்கே அவற்றைச் சோதித்தவள் அபர்ணா. ஈரோட்டுக்காரி, முனைவர் பட்ட ஆய்வின் கடைசி வருடத்தில் இருந்தாள். ஒரு வருடமாக இருவரும் கிழமைக்கு மூன்று நாள் தொலைபேசியில் கதைத்தார்கள். நீங்கள் போய், யாழ்ப்பாணத்தில் நெருக்கமானவர்களைக் கூப்பிடும் ‘நீர்’ வந்தது. கம்சாயினி அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அபர்ணா சிரிப்பாள். “ராஜா நாடகத்துல கூப்பிடற மாதிரியே இருக்குங்க,” என்பாள். பிறகு கட்டுரை வெளிவந்தது. முதல் பெயர் அபர்ணா, அடுத்தது அவளுடைய பேராசிரியர், அதற்கு அடுத்து யாழ்ப்பாணத்தை வரைபடத்தில் மட்டும் பார்த்த இரண்டு பேர். கம்சாயினி கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் பத்தியில், மாதிரி சேகரிக்க உதவியவர்களில் ஒருத்தியாக இருந்தாள்.

அதைக்கூட விழுங்கியிருப்பாள். ஆனால் கட்டுரையோடு ஒரு வரைபடமும் வந்திருந்தது. ஒவ்வொரு கிணறும் ஒரு புள்ளி; தண்ணீர் பழுதான கிணறு சிவப்பு. பெருப்பித்துப் பார்த்தால் எந்த ஒழுங்கையில் எந்த வீடு என்று தெரிந்தது. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அதை எடுத்துப் பெரிதாகப் போட்டது. ஒரு வீட்டுப் பெண்ணுக்குப் பேசி முடிந்திருந்த கலியாணம், அந்த வளவுத் தண்ணி குடித்து வளர்ந்த பிள்ளை என்று சொல்லி நின்றுபோனது. அந்தத் தாய் கம்பஸ் வாசலுக்கே வந்தாள். “உம்மை நம்பித்தானே பிள்ளை வாளியைத் தந்தனான்,” என்றாள். வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள். கட்டுரையில் இடம் கிடைக்காத பெயர் ஊரில் பழிக்கு மட்டும் பயன்பட்டது. அன்றைக்கே கம்சாயினி ஆய்விதழுக்கு எட்டுப் பக்கத்தில் முறைப்பாடு எழுதினாள். முடிவொன்றும் வராமல் விசாரணை இழுபட்ட மாதங்களில், அபர்ணாவுக்குச் சென்னையில் கைக்கெட்டி இருந்த நிரந்தர வேலை வேறொருவருக்குப் போனதாகக் கேள்விப்பட்டாள். கேள்விப்பட்ட நாளில் அவளுக்குக் கவலை வரவில்லை.

கண்ணாடிக் கதவு திறந்தது. “பேசினேன்,” என்றான் அதிகாரி. “உங்களைத் தெரியும் என்றார். அந்தக் கிணறுகள் எல்லாவற்றிலும் தண்ணீர் எடுத்தவர் நீங்கள்தானாமே. நூற்று எண்பத்தாறு. பெரிய வேலைதான்.” கடவுச்சீட்டைத் திருப்பித் தந்து, நல்லபடியாகத் தங்கிப் போங்கள் என்றான்.

கம்சாயினி வெளியே வந்து, பெட்டி தள்ளுகிற சனத்துக்கு நடுவே கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். எந்தத் தாளிலும் எழுதக் கை வராத வசனத்தை அபர்ணா, முகம் தெரியாத ஒரு பெடியனிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். இனி அவளைப் பார்த்து நன்றி வேறு சொல்லவேண்டும்.

மோட்டல் கிரேட் சவுத் ரோட்டில், கிரீன்லேன் பக்கமாக இருந்தது. வரவேற்பில் இருந்த முதியவர் சாவியோடு ஒரு சின்னப் பால் போத்தலும் தருவது வழக்கம் போலும். “நீலமா, பச்சையா?” என்று கேட்டார். அவள் விழித்தாள். “பால். உங்கள் தோழி பச்சை மூடி எடுத்தார்.”

“நீலம்,” என்றாள் கம்சாயினி. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்குத் தெரியாது.

அறைக் கதவு திறந்துதான் இருந்தது. இரண்டு கட்டில், ஒரு சின்னக் குசினி, ஒரு வட்ட மேசை. யன்னலோரக் கட்டிலில் அபர்ணா மடிக்கணினியோடு இருந்தாள். காணொளி அழைப்புகளில் பார்த்த வட்ட முகம் வற்றியிருந்தது. காதோரம் நரை விழுந்திருந்தது.

“வாங்க,” என்றாள், எழும்பாமல்.

கம்சாயினி பெட்டியைக் கீழே வைத்தாள். “என்னத்துக்கு அவனிட்ட அப்பிடிச் சொன்னனீங்கள்?”

“கேட்டாங்க, சொன்னேன்.”

“தெரியாதெண்டு சொல்லியிருக்கலாம்.”

“சொல்லிருக்கலாம்தான். யோசிக்கவும் செஞ்சேன்.” அபர்ணா கணினியை மூடினாள். “உங்களைத் திருப்பி அனுப்பிட்டா அதுக்கும் ஒரு எட்டுப் பக்கம் எழுதுவீங்களேன்னு விட்டுட்டேன்.”

“நன்றி சொல்லுவனெண்டு பாத்துக்கொண்டிருக்க வேண்டாம்.”

“பாக்கலைங்க.”

முன்னொரு காலத்தில் ‘நீர்’ என்று கூப்பிட்டவளின் வாயில் இப்போது ‘நீங்கள்’ திரும்பி வந்திருந்தது. அதில் மரியாதை ஏதும் இருக்கவில்லை.

குளித்து உடுப்பு மாற்றியதும் கம்சாயினி வெளியே கார் நிறுத்துமிடத்தில் நின்று பாபகூராவில் இருக்கும் சித்தியின் மகள் கஜந்தினிக்கு அடித்தாள். மோட்டலுக்குப் பின்னால் ஓடுகிற ரயில் பாபகூராவுக்குத்தான் போகிறது என்று வரவேற்பு முதியவர் சொல்லியிருந்தார். ஏறி இருந்தால் போதும். கஜந்தினி பிரச்சினையை முழுக்கக் கேட்கவில்லை. அறை சரிவரவில்லை என்ற இடத்திலேயே மறித்தாள்.

“வாறதெண்டு ஒரு மாசத்துக்கு முன்னமே தெரியுமெல்லே கம்சா. அப்ப எங்களிட்ட ஒரு சொல்லுச் சொல்லேல்லை. இப்ப ஹோட்டல் சரியில்லையெண்டவுடனதான் எங்கட ஞாபகம் வந்ததோ? இஞ்ச இவற்ற அம்மாவும் தங்கச்சியும் வந்து நிக்கினம். வாறதெண்டா வா, ஹோலிலதான் படுக்கவேணும்.”

“இல்லையக்கா, சும்மா சுகம் கேக்கத்தான் எடுத்தனான்,” என்றாள் கம்சாயினி.

திங்கட்கிழமை காலை பல்கலைக்கழகத்தில் பதிவு மேசைக்குப் பின்னால் இருந்த பெண் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் கண்மணி என்று இருந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும். வந்தவர்களின் விமானம், வண்டி, அறை, சாப்பாடு எல்லாம் அவள் பொறுப்பு. கம்சாயினியின் பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து தமிழுக்கு மாறினாள். “வாங்க மேடம், ரூம் வசதியா இருக்கா?”

“எனக்கு வேற அறை வேணும்.”

“ஏன் மேடம், எதுவும் ஒழுகுதா?”

“ஒண்டும் ஒழுகேல்லை. அவவோட ஒரு அறையில இருக்கேலாது.”

கண்மணி பேனாவை வைத்தாள். “ரெண்டு பேரும் தமிழ்னு பாத்தேன் மேடம். ஊர் விட்டு ஊர் வர்றாங்க, பேச்சுத்துணையா இருக்கும்னு நானேதான் சேத்துப் போட்டேன். நாங்க இங்க மாசி ஏரியாவுக்குக் குடிவந்த புதுசுல, அவரு வேலைக்குப் போனதும் நான் பேச ஆளில்லாம செவுத்தப் பாத்து உக்காந்திருப்பேன். அந்த நெனப்புல செஞ்சது.” அவள் குரலில் இருந்த ஈரம் அதோடு காய்ந்தது. “இந்த வாரம் சிட்டில பெரிய கச்சேரி ஒண்ணு, கிரிக்கெட் ஒண்ணு. ஒரு ரூம்கூடக் கெடையாது. நாப்பத்தொரு பேருக்கு ரூம் போட்டேன். குறை சொன்னது நீங்க ரெண்டு பேருதான்.”

“ரெண்டு பேரோ?”

“அந்த மேடமும் சனிக்கிழமையே மெயில் போட்டிருக்காங்க. இதே தான். உங்க கூட இருக்க முடியாதாம்.” கண்மணி அட்டையை நீட்டினாள். “அடுத்தவங்க நிக்கிறாங்க, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?”

தான் கேட்ட அதே விஷயத்தை அபர்ணாவும் கேட்டதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று கம்சாயினிக்குத் தெரியவில்லை. ஆனால் கோபம் வந்தது. அதுவும் தனக்கு முன்னமே கேட்டிருக்கிறாள்.

கதைக்காமல் இருப்பதற்கு இருவரும் தங்களுக்குள் ஒரு ஒழுங்கு செய்துகொண்டார்கள். ஆறு மணிக்கு அபர்ணா குளித்தாள், ஆறரைக்குக் கம்சாயினி. அபர்ணா யன்னலைத் திறப்பாள்; அவள் குளியலறைக்குள் போனதும் கம்சாயினி எழும்பிச் சாத்துவாள். கேத்தலில் ஒருத்தி தனக்கு மட்டும் அளந்து தண்ணீர் கொதிக்க வைத்தாள். மற்றவள் மிச்சத்தை ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்பினாள். குளிர்பெட்டிக் கதவில் நீல மூடியும் பச்சை மூடியும் தனித்தனியே நின்றன. காலையில் ஒரே ரயிலுக்குத்தான் போகவேண்டும் என்பதால் ஒருத்தி ஐந்து நிமிடம் முந்திப் புறப்பட்டு மேடையின் மறு நுனியில் போய் நின்றாள். மண்டபத்தில் நாற்பத்தொரு பேர் சேர்ந்து சிரித்தபோதும் இவர்கள் இரண்டு பக்கமாகப் பார்த்துச் சிரித்தார்கள். பயிலரங்கின் தலைவி ஜூடித், உயரமான, வேகமாகப் பேசுகிற பேராசிரியை, ஐந்து நாடுகள் சேர்ந்து செய்யப்போகும் ஒரு பெரிய ஆய்வைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார். அதில் யாழ்ப்பாணமும் ஒரு பகுதி. அந்தப் பகுதியை யார் நடத்துவது என்பது இன்னும் முடிவாகவில்லை. புதன்கிழமை காலை அபர்ணா பேசுவதாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அவள் பேச்சின் சுருக்கத்தைக் கம்சாயினி விரல் வைத்து வாசித்தாள். யாழ்ப்பாணத்தின் நூற்று எண்பத்தாறு கிணறுகள் அதில் மூன்றாவது வரியிலேயே வந்தன.

செவ்வாய்க்கிழமை மதியத்தோடு அமர்வுகள் முடிந்தன. மற்றவர்கள் பஸ்ஸில் எரிமலைக் குன்றுகள் பார்க்கப் போனார்கள். அறையில் தனியாக இருக்கலாம் என்று திரும்பி வந்த கம்சாயினி, அதே எண்ணத்தோடு தனக்கு முந்தி வந்துவிட்ட அபர்ணாவைக் கண்டாள். தன் கட்டிலில் சாய்ந்து ஒரு கட்டுரையை விரித்தாள். மூன்றரை மணிக்கு அபர்ணாவின் தொலைபேசி அடித்தது. ஈரோட்டில் அப்போது காலை எட்டு. மகள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுகிற நேரம்.

“சாப்ட்டியா சாமி?” என்றாள் அபர்ணா. அவளுக்கு இப்படியொரு குரல் இருப்பது கம்சாயினிக்கு மறந்து போயிருந்தது.

“ஆச்சும்மா. எப்ப வருவ?”

“மே மாசம், லீவுக்கு.”

“போன மே மாசமும் இதேதான் சொன்ன.”

“இல்ல பூங்கோத, இந்தவாட்டி கண்டிப்பா.”

“சரி, வேன் வந்துருச்சு,” என்றது குழந்தை. கோபம்கூடக் காட்டவில்லை. அழைப்பு நின்றுபோனது.

அபர்ணா திரும்பாமலே கேட்டாள். “சந்தோஷமா?”

“எனக்கென்ன சந்தோஷம்?”

“ஒம்பது வயசு. மூணு வருஷமா எங்கம்மாகிட்ட வளர்றா. எனக்கு பிரிஸ்பேன்ல வருஷத்துக்கு வருஷம் கான்ட்ராக்ட், அடுத்த வருஷம் இருக்குமான்னு அக்டோபர்லதான் சொல்வாங்க. கொழந்தைய எந்த நம்பிக்கைல கூட்டிட்டு வர்றது? சென்னை வேலை கெடச்சிருந்தா நான் இங்கெல்லாம் வந்து நிக்க வேண்டியதில்லை.”

“என்ர எட்டுப் பக்கத்தில ஒரு பொய் இருந்ததோ?”

“இல்ல.”

“பிறகென்ன? உங்கட பேராசிரியர் செய்த வேலைக்கு நான் வாய் மூடிக்கொண்டு இருந்திருக்கவேணுமோ?”

அபர்ணா இப்போது திரும்பிப் பார்த்தாள். “அவர் செய்யலைங்க,” என்றாள். “உங்க பேரு உள்ள வந்தா எம் பேரு ரெண்டாவதாப் போகும், தீசிஸ் ஒரு வருஷம் தள்ளும், பாத்துக்கோன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. உங்க பேரை எடுத்தது நான். என் ரூம்ல உக்காந்து, என் கையால எடுத்தேன். மேப்பையும் நான்தான் போட்டேன். புள்ளிகளைக் கொஞ்சம் தள்ளி வைக்கணும்னு நீங்க சொன்னது ஞாபகம் இருந்துச்சு. ராத்திரி பகலா வேலை பாத்து அசந்துபோய்ட்டேன், யாரு பெருசு பண்ணிப் பாக்கப்போறான்னு விட்டுட்டேன்.”

கம்சாயினி விரித்திருந்த கட்டுரையை மூடினாள். எட்டுப் பக்கமும் எழுதிய கைதான்; ஆனாலும் மனதில் ஒரு மூலையில், அந்த மனுசன்தான் செய்திருப்பான், இவள் பாவம், பயந்திருப்பாள் என்று ஆறு வருடமாக ஒரு இடம் விட்டு வைத்திருந்தாள். அப்படி ஒரு இடம் இருந்தது என்பதே அது இல்லாமல் போன இந்த நிமிடத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது. வாளியை நம்பித் தந்த அந்தத் தாயின் முகம் வந்தது. அசந்துபோய் விட்டுவிட்டாளாம்.

“நாளைக்கு அந்தப் படம் உங்கட பேச்சில வருதெல்லோ?” என்றாள். தன் குரல் இவ்வளவு அமைதியாக வந்தது அவளுக்கே புதிது. “எயார்போட்டில சொன்னதை அங்க நிண்டு சொல்லுங்கோ. ஆர் எடுத்தது, ஆற்ற பேரை ஆர் வெட்டினது எண்டு.”

“அங்க சொன்னதால உங்களை உள்ள விட்டாங்க. இங்க சொன்னா என்னை வெளிய அனுப்பிருவாங்க. ஜூடித் அஞ்சு வருஷ வேலைக்கு ஆள் பாக்கறாங்க. நான் வந்ததே அதுக்குத்தான்.”

“அப்ப நான் எழும்பிக் கேப்பன்.”

“கேளுங்க,” என்றாள் அபர்ணா. “கேக்கத்தானே ஆறு வருஷமாக் காத்துட்டிருக்கீங்க.”

கம்சாயினி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். கால் போன போக்கில் நடந்ததில் பெரிய பூங்கா ஒன்று வந்தது. நகரத்துக்கு நடுவே புல்வெளியில் செம்மறிகள் மேய்ந்தன. சனம் அவற்றைத் திரும்பியும் பாராமல் நாயோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மரவாங்கில் குந்தி, நாளைக்குக் கேட்கப்போகும் கேள்வியை ஆங்கிலத்தில் எழுதினாள். எழுதி வெட்டினாள், மறுபடி எழுதினாள். கடைசியில் நான்கு வசனமாக வந்தது. கூர் சரியாக இருக்கிறதா என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். வெயில் எட்டு மணிக்கும் இறங்கவில்லை.

மறுநாள் காலை அபர்ணா பச்சைப் பருத்திப் புடவை கட்டியிருந்தாள். மேடையில் நன்றாகத்தான் பேசினாள். கம்சாயினி மடியில் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாக எண்ணினாள். ஆறாவது, ஏழாவது, எட்டாவது. யாழ்ப்பாணம் வரவில்லை. குயின்ஸ்லாந்துத் தோட்டக் கிணறுகள் சிலவற்றை வைத்துப் பேச்சை இழுத்து, ஐந்து நிமிடம் முந்தியே முடித்து, நன்றி என்று சொல்லிவிட்டாள். வரைபடத்தையே எடுத்துவிட்டிருந்தாள். தாளில் எழுதி வைத்திருந்த நான்கு வசனமும் நிற்க இடமில்லாமல் போயின.

ஜூடித் கண்ணாடியைக் கழற்றினார். “சுருக்கத்தில் யாழ்ப்பாணத் தரவு இருக்கிறதே. அதைப் பார்க்கத்தான் நான் ஆவலாக இருந்தேன்.”

அபர்ணா மண்டபத்தைப் பார்க்காமல் ஒலிவாங்கியைப் பார்த்தாள். “அந்தத் தரவில் சில பிரச்சினைகள் இருக்கின்றன,” என்றாள்.

கம்சாயினி எழும்பிவிட்டாள். எழும்பிய பிறகுதான் தாள் கீழே விழுந்ததைக் கண்டாள். குனிந்து எடுக்க விருப்பமில்லை. “பிரச்சினை தரவில் இல்லை,” என்றாள். ஆங்கிலம் தடுக்கியது, தடுக்கட்டும் என்று விட்டாள். “அந்தக் கிணறுகளில் தண்ணீர் எடுத்தவள் நான். அந்தக் கட்டுரையில் என் பெயர் இல்லை. வீட்டுக்காரருக்கு நான் கொடுத்த வாக்கும் இல்லை. அவர்களுடைய வீடுகள் மட்டும்தான் இருக்கின்றன.”

யாரோ தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகி மூடுகிற சத்தம் கேட்டது. நாற்பது பேர் தங்கள் குறிப்புப் புத்தகத்தில் எதையோ தேடினார்கள். ஜூடித் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இது பேசவேண்டிய விஷயம்தான், தேநீருக்குப் போவோம் என்றார்.

இருவரையும் தாழ்வாரத்தில் ஒரு மூலைக்குக் கூட்டிப்போனார். “என்னால் நீதிபதியாக இருக்க முடியாது. நேரமும் இல்லை,” என்றார். “நாளைக் காலை ஒன்பது மணிக்கு எனக்கு இரண்டு பக்கம் வேண்டும். யார் சேகரித்தது, யார் சோதித்தது, பெயரும் வரைபடமும் எங்கே பிழைத்தன, அந்த வீட்டுக்காரர்களுக்கு இனி என்ன செய்யலாம். கீழே இரண்டு பேருடைய கையெழுத்தும். வந்தால் யாழ்ப்பாணம் திட்டத்தில் இருக்கும். வராவிட்டால் எடுத்துவிடுவேன்.”

“அந்த வேலை விஷயம்?” என்று அபர்ணா கேட்டாள். கேட்டதும் அவள் கழுத்து சிவந்தது.

“முதலில் இரண்டு பக்கத்தைப் பார்ப்போம்.” ஜூடித் போகத் திரும்பியவர், ஞாபகம் வந்தவராகச் சிரித்தார். “நல்லவேளை, நீங்கள் இருவரும் ஒரே அறையில்தானே இருக்கிறீர்கள்.”

தேநீர் மேசையில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த கண்மணி இவர்கள் பக்கம் பார்க்கவேயில்லை.

பின்னேர ரயிலில் இருவரும் ஒரே பெட்டியில், மூன்று வரிசை தள்ளி இருந்தார்கள். கம்சாயினிக்கு மனதுக்குள் முதல் வசனம் ஓடியது. பிறகு அது அபர்ணாவின் வாயால் எப்படி மாறும் என்று ஓடியது. கையெழுத்துப் போடாமல் விட்டால் இவளுடைய வேலை போகும். கூடவே கிணறுகளும் போகும். எந்த முகத்தோடு அந்தப் படலைகளுக்கு மறுபடி போவது? போட்டால், இவளுக்கு ஐந்து வருட வேலை. கிரீன்லேனில் இறங்கி, ஐந்து நிமிட இடைவெளி விட மறந்து, இருவரும் ஒன்றாகவே மோட்டல்வரை நடந்துவிட்டார்கள். சாவி அபர்ணாவிடம் இருந்தது.

கதவைத் திறந்தவள் உள்ளே போகாமல் நின்றாள். சுத்தம் செய்ய வந்தவர்கள், இன்றைக்கு வேறு யாரோ வருகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள் போலும். இரண்டு கட்டிலையும் ஒன்றாகத் தள்ளி, கொளுக்கி போட்டு, நடுவே ஒரே வெள்ளை விரிப்பை இழுத்து விரித்திருந்தார்கள். தலைமாட்டில் நான்கு தலையணை. இருவருடைய பெட்டிகளும் சுவரோரமாக, ஒன்றையொன்று தொட்டபடி நின்றன.

“ஆபீஸ்ல சொல்லணும்,” என்றாள் அபர்ணா.

“பூட்டிக் கிடக்கு. வரேக்க பாத்தனான்.”

அபர்ணா கைப்பையை வட்ட மேசையில் வைத்தாள்; இரண்டு பக்கம் எழுதவேண்டிய மடிக்கணினியை எடுத்துத் திறக்காமல் அதன் பக்கத்தில் வைத்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு யன்னல் பக்கமாகப் போனாள். கம்சாயினி கதவுப் பக்கத்தில் நின்றாள். ஆளுக்கொரு மூலையைப் பிடித்து விரிப்பை உருவினார்கள். கொளுக்கி கட்டிலின் கால்மாட்டில் இறுக்கமாகக் கிடந்தது. ஒருத்தி உள்ளே தள்ளிப் பிடித்தால்தான் மற்றவளால் கழற்ற முடியும். கம்சாயினி முழங்காலில் நின்று தள்ளிப் பிடித்தாள். அபர்ணா விரலை விட்டு நெம்பினாள். நகம் ஒன்று உடைந்தது, அடுத்த விரலால் நெம்பினாள். தலைமாட்டிலும் ஒன்று இருந்தது. அதையும் அப்படியே கழற்றினார்கள்.

பிறகு இருவரும் எழும்பி நின்று தங்கள் தங்கள் பக்கத்தில் இழுத்தார்கள். கட்டிலுக்குச் சில்லுக்கால்கள் இருந்தன; எளிதாக உருண்டன. நடுவில் ஒரு கோடாகத் திறந்து, ஒரு சாண் ஆகி, ஒரு முழம் ஆனது. அடியில் இருந்து சாம்பல் நிறக் கம்பளம் தெரிந்தது. யாரோ ஒரு குழந்தையின் ஒற்றைக் கால்மேசு, தூசி பிடித்து அதில் கிடந்தது.

“போதுங்களா?” என்றாள் அபர்ணா, மூச்சு வாங்கியபடி.

கம்சாயினி அந்த இடைவெளியைப் பார்த்தாள். “இன்னும் கொஞ்சம்.”

அபர்ணா குனிந்து தன் பக்கத்துச் சட்டத்தைப் பிடித்தாள். கம்சாயினியும் குனிந்தாள். ஒருவரையொருவர் பார்க்காமல், ஒரே நேரத்தில் இழுத்தார்கள். நடுவில் கம்பளம் அகன்றுகொண்டு போனது.